முத்திரை குத்தாத வகுப்பறை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் எல்லை ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். ரயிலில் வந்தால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியில்தான் நான் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவது இங்கே புதிதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்த பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் எங்கள் பகுதி வகுப்பறைகளுக்கு வருகிறார்கள். அப்பா இரும்பு உருக்காலையில் வேலை செய்வார். அல்லது குடும்பமே செங்கல் சூளையில் தங்கியிருக்கும்.

அந்தப் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்பே, அவனுக்காக ஒரு சொல் வகுப்பில் காத்திருக்கிறது: ‘வடக்கன்’. அதைச் சொல்லும் மாணவர்களில் பலருக்கு அவன்மீது கோபமோ வெறுப்போ கிடையாது. கடைத்தெருவிலும் பேருந்திலும் கைப்பேசியிலும் கேட்ட சொல்லைத் திரும்பச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் ஒரு குழந்தையின் கற்றலில் உண்மையாகவே குறுக்கிடுகிறது. எப்படிக் குறுக்கிடுகிறது, அதில் ஆசிரியரின் கையில் இருப்பது என்ன என்பதைச் சமூக உளவியல் ஆய்வுகளின் துணையோடு இக்கட்டுரையில் பார்க்கலாம்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘சமத்துவம் பெறுதல்’ என்றொரு பாடம் உண்டு. பாரபட்சம், ஒத்த கருத்து, பாகுபாடு ஆகிய சொற்களை நாம் அங்கே நடத்துகிறோம். தேர்வுக்கு மூன்றும் மூன்று வரையறைகள். வாழ்க்கையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் மூன்று நிலைகள்.

“அங்கிருந்து வர்ற பசங்களுக்குப் படிப்புல நாட்டமே இருக்காது” என்று நினைப்பது ஒத்த கருத்து. ஒரு கூட்டத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்க்கும் எண்ணம் இது. அச்சகத்தில் பயன்பட்ட ஒரு வார்ப்புத் தகட்டின் பெயரையே இந்த எண்ணத்துக்குச் சூட்டி, 1922-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் பொதுவழக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன்.

“அவன் பக்கத்துல என் பிள்ளையை உட்கார வைக்காதீங்க டீச்சர்” என்ற பேச்சின் பின்னால் உள்ள உணர்வு பாரபட்சம். முன்முடிவு என்றும் சொல்லலாம். ஆளைப் பழகி அறியும் முன்பே மனம் எடுத்துவிடும் முடிவு.

அந்தப் பேச்சைக் கேட்டு அவனைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றுவது பாகுபாடு. எண்ணம் உணர்வாகி, உணர்வு செயலாகிவிட்டது. எண்ணத்தை நாம் கண்ணால் பார்க்க முடியாது. செயலைப் பார்க்கலாம், மாற்றலாம். ஆசிரியரின் வேலை பெரும்பாலும் இந்த மூன்றாம் நிலையில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஒரு கோடு போட்டாலே போதும்

‘நாங்கள்’, ‘அவர்கள்’ என்று பிரிந்து நிற்க மனிதருக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். முடிவுகள் 1970-71-இல் வெளிவந்தன. 14, 15 வயதுச் சிறுவர்களைத் திரையில் தெரிந்த புள்ளிகளை எண்ணிச் சொல்லச் செய்தார். இன்னொரு முறை இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்று கேட்டார். அதை வைத்துக் குழு பிரித்ததாக அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுப் போட்டதுபோல்தான் பிரித்தார்கள். தன் குழுவில் யார் இருக்கிறார் என்றுகூட எந்தச் சிறுவனுக்கும் தெரியாது. பிறகு, மற்றவர்களுக்குப் பணம் பங்கிடும் பொறுப்பு தரப்பட்டது. பெரும்பாலோர் தங்கள் குழுவுக்கே கூடுதலாகத் தந்தார்கள். தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும் என்றுகூடப் பலர் பங்கிட்டார்கள்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். இன்றைய தமிழ்நாடு, ஆந்திர எல்லை 1960 ஏப்ரல் 1 அன்று மாற்றி அமைக்கப்பட்டது. திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அன்றைய திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. முந்தைய நாள் ஒரே மாநிலத்தில் இருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் மறுநாள் ‘அந்த மாநிலத்தார்’ ஆனார்கள். நிலத்தில் போட்ட கோட்டை மனம் எவ்வளவு விரைவாகத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது என்பதை இந்த ஊர்களின் கதையைக் கொண்டே மாணவர்களுக்கு விளக்கலாம்.

முத்திரை நம்மீதும் விழுந்திருக்கிறது

பிறர் குத்திய முத்திரையின் வலி தமிழருக்குப் புதிதல்ல. வட இந்தியாவில் தென்னாட்டார் எல்லாருக்கும் நீண்ட காலம் ‘மதராசி’ என்ற ஒரே பெயர்தான். 1966-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சிவசேனை, வேலைகளைப் பறிக்க வந்தவர்கள் என்று தென்னிந்தியர்களைக் குறிவைத்தே வளர்ந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கக் கொண்டுசெல்லப்பட்ட நம் மக்களைக் ‘கள்ளத்தோணி’ என்று இழித்துப் பேசினார்கள். அந்தப் பேச்சு வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்வு உண்டு. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொலிகள் பரவின. எங்கோ எப்போதோ நடந்த, தொடர்பில்லாத நிகழ்வுகளின் படங்கள் அவை. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பீகார் அரசு தன் அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. அதற்குள் பல தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறிவிட்டார்கள். ‘தமிழர்கள் வன்முறையாளர்கள்’ என்ற ஓர் ஒத்த கருத்து சில நாள்களில் எத்தனை வீடுகளைக் கலக்கியது என்று அப்போது கண்டோம். ‘வடக்கன்’ என்ற சொல்லும் இதே வேலையை மறுதிசையில் செய்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், எட்டாம் வகுப்பு மாணவர்கூட நாம் விளக்கும் முன்பே பொருளைப் பிடித்துக்கொள்வார்.

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று சிலர் கேட்பார்கள். மாறிவிடாது. ஆனால் பெயரில் ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இத்தகைய முகாம்கள் இனி ‘அகதிகள் முகாம்’ அல்ல, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என அழைக்கப்படும் என்று 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்ற அறிவிப்பு 2025 ஏப்ரலில் வந்தது. ‘வடக்கன்’ என்று பெயரிடப்பட்ட ஒரு தமிழ்த் திரைப்படம் தணிக்கையில் எழுந்த ஆட்சேபத்துக்குப் பிறகு 2024-இல் ‘ரயில்’ என்ற பெயரில் வெளியானது. சொல் ஒரு மனிதரை எங்கே நிறுத்துகிறது என்பதை அரசும் சமூகமும் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. பள்ளி அதில் பின்தங்கக் கூடாது.

எதிர்ச்சான்று இருந்தும் ஏன் அழிவதில்லை?

ஒத்த கருத்துக்கு எதிரான சான்றுகள் நம் கண்முன்னே நிறைய இருக்கும். ஆனாலும் அது அழியாது. காரணம், நாம் காரணம் சொல்லும் முறை.

விளையாட்டு வேளையில் உள்ளூர்ப் பையன் ஒருவன் அடித்துவிட்டால், “இன்னிக்கு என்னமோ கோவம் அவனுக்கு” என்கிறோம். சூழ்நிலையைக் காரணமாக்குகிறோம். அதே அடியை வெளிமாநிலப் பையன் அடித்தால், “இவனுங்களே இப்படித்தான்” என்கிறோம். குணத்தைக் காரணமாக்குகிறோம். நல்லது நடந்தால் இது தலைகீழாகிறது. உள்ளூர்ப் பிள்ளை முதல் மதிப்பெண் எடுத்தால் கெட்டிக்காரன். வெளிமாநிலப் பிள்ளை எடுத்தால், “இவன் ஒருத்தன் விதிவிலக்கு”. இந்த வழுவை 1979-இல் தாமஸ் பெட்டிக்ரூ என்ற உளவியலாளர் விளக்கி எழுதினார். எந்தச் சான்று வந்தாலும் பழைய எண்ணம் காயம்படாமல் தப்பித்துக்கொள்ளும் வழி இது.

சாதி பற்றிய எண்ணங்களும், பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதும், இருளர் வீட்டுப் பிள்ளை பள்ளியில் நிலைக்காது என்பதும் இதே வழியில்தான் காலங்காலமாகத் தப்பித்து நிற்கின்றன. வெளிமாநிலக் குழந்தையைப் பற்றிய முன்முடிவு புதியது. அது வளர்ந்த மண் பழையது.

பலர் அறியச் சொன்னால் என்ன ஆகிறது?

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியலாளர்கள் இருவர் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் 6, 7 வகுப்பு மாணவர்களிடம் நடத்தியது. உயர்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 சிறுவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த 321 சிறுவர்கள். அவர்களுக்குத் தாளில் அச்சிட்ட புதிர்வழிகள் தரப்பட்டன. சரியாக வழி கண்டுபிடித்தால் பரிசுப் பணம்.

சாதியை யாரும் குறிப்பிடாதபோது இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் புதிர்களை விடுவித்தார்கள். திறமையில் வேறுபாடு இல்லை. அடுத்து, வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், தந்தை பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். “சரிதானே?” என்பதற்கு அவன் தலையசைக்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது.

இதை நம் வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். “எஸ்.சி. பசங்கெல்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் படிவம் தரணும்.” “இந்திக்காரப் பசங்க கை தூக்குங்க, எமிஸ்ல விவரம் ஏத்தணும்.” நல்ல நோக்கத்தோடு, அவசரத்தில் சொல்லப்படும் சொற்கள்தான். அடுத்த பாடவேளை கணக்குத் தேர்வாக இருந்தால்? அந்த ஆய்வில் நடந்தது இங்கேயும் நடக்கலாம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பின் தமிழ்நாடு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர் பெயரின் அகர வரிசையில் இருக்கை அமைக்க வேண்டும், சாதியைக் காட்டும் கயிறு முதலிய அடையாளங்களைத் தடுக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றை வெறும் ஒழுங்கு நடவடிக்கைகளாகப் பார்க்க வேண்டாம். அடையாளத்தைப் பலர் முன் எழுப்பி நிறுத்தாதபோது குழந்தையின் மூளை பாடத்துக்குக் கிடைக்கிறது. மேலே சொன்ன ஆய்வின் செய்தியும் அதுதான்.

உதவித்தொகை, முகவரி, தாய்மொழி தொடர்பான விவரங்களைத் தனியாக, ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கலாம். வகுப்பு முழுவதற்கும் ஒரே படிவம் தந்து வாங்கிக்கொள்ளலாம். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் கற்பித்தலில்தான் சேரும்.

சிவப்பு மை எங்கே சறுக்குகிறது?

ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு நம் விடைத்தாள் திருத்தும் பழக்கம் பற்றியது. குழந்தைகளுக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். விடைத்தாள்களின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மாற்றி மாற்றி எழுதி, உள்ளூர் ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். விடைகள் எப்படி இருந்தாலும், ஒடுக்கப்பட்ட சாதி என்று முகப்பில் எழுதப்பட்ட தாள்களுக்குச் சிறிதளவு மதிப்பெண் குறைந்தது.

அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, குறைத்துப் போட்டவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே கூடுதலாக இருந்தார்கள். முன்முடிவு என்பது கெட்ட மனிதர்களின் நோய் அல்ல. சமூகம் முழுவதும் சுவாசிக்கும் காற்று. இன்னொன்று, இந்தச் சறுக்கல் கட்டில் முதலில் திருத்தப்பட்ட தாள்களில்தான் அதிகம் தெரிந்தது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது மனத்தில் உறுதியாகாத நேரத்தில்தான் முகப்பில் உள்ள விவரம் உள்ளே புகுந்துகொள்கிறது.

இதற்கான மருந்து எளியது. திருத்தத் தொடங்கும் முன் விடைக்குறிப்பையும் மதிப்பெண் பகிர்வையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முகப்புப் பக்கத்தை மடித்துவிட்டுத் திருத்த வேண்டும். ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லாரின் முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போக வேண்டும். கடைசியில், முதலில் திருத்திய ஐந்து தாள்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மொழி தெரியாதது வேறு, பாடம் தெரியாதது வேறு

வெளிமாநிலக் குழந்தையின் காரியத்தில் நம் பகுதியில் அடிக்கடி நேரும் குழப்பம் இது. நான்காம் வகுப்பு வயதுச் சிறுவன் தமிழில் ‘அம்மா’, ‘ஆடு’ படிக்கத் திணறுகிறான். உடனே ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவன் பெயர் ஏறிவிடும். அதே சிறுவனிடம் கரும்பலகையில் மூன்றிலக்கப் பெருக்கல் கணக்கைச் சொல்லே இல்லாமல் எழுதிக் காட்டினால், விரைந்து செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்து மட்டும்தான் அவனுக்குப் புதிது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. அவை குழந்தை கடந்து போக வேண்டிய படிகள். “இவன் அரும்பு” என்று நாம் பேசத் தொடங்கும்போது படி முத்திரையாகிவிடுகிறது. “இவன் தமிழ் வாசிப்பில் இப்போது அரும்பில் இருக்கிறான்” என்று சொல்லிப் பழகினால், எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில் என்ற இரண்டும் நம் நினைவில் நிற்கும்.

எதிர்பார்ப்பின் ஆற்றல் பற்றி 1968-இல் ரோசெந்தால், ஜேக்கப்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வைக் கல்வியியல் பட்டப்படிப்பில் படித்திருப்போம். சீட்டுப் போட்டு எடுத்த சில குழந்தைகளின் பெயர்களைக் காட்டி, “இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலர்வார்கள்” என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். அவர்களில் சிறு வகுப்புக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், இந்த விளைவு முதலில் நினைத்த அளவு பெரிதல்ல என்று காட்டின. ஆனால் முற்றிலும் இல்லாமலும் இல்லை. ஏற்கெனவே சமூகம் தாழ்த்திப் பார்க்கும் பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருக்கக்கூடும் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவனிடம் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக நாம் எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்பதில்கூட நம் எதிர்பார்ப்பு தெரிந்துவிடும்.

சட்டமும் இங்கே நம் பக்கம் தெளிவாக நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் பிரிவு 4, பள்ளிக்கே வராத, இடையில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதையோ (பிரிவு 5) வயதுச் சான்று இல்லாததையோ (பிரிவு 14) காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் பிரிவு 17 தடைசெய்கிறது. பட்டப்பெயர் சொல்லி அழைப்பது எந்தப் பக்கம் சேரும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

சேர்ந்து உட்கார்ந்தால் போதுமா?

“எல்லாரும் ஒரே வகுப்பில்தானே இருக்கிறார்கள், தானாகப் பழகிவிடுவார்கள்” என்று நினைக்கத் தோன்றும். முன்முடிவுகளின் இயல்பு பற்றி 1954-இல் விரிவாக நூல் எழுதிய கார்டன் ஆல்போர்ட் அப்படி நினைக்கவில்லை. தொடர்பு பயன் தர நான்கு நிலைமைகள் வேண்டும் என்றார்: இரு தரப்புக்கும் சம நிலை, பொதுவான இலக்கு, போட்டி இல்லாத கூட்டுழைப்பு, மேலே இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. காலை உணவுக்கு ஒரே கூடத்தில் உட்கார்ந்தும் இரண்டு கூட்டமாகச் சாப்பிட்டால் அது தொடர்பு ஆகாது. நான்காவது நிலைமையில் ‘மேலே இருப்பவர்’ வேறு யாருமல்லர், வகுப்பாசிரியர்தான். “வீட்டில் கற்றுக்கொண்டு வருகிறார்கள், நாம் என்ன செய்ய முடியும்?” என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. வீடு கற்பித்ததற்கு எதிராகப் பள்ளி பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. வேறொரு பழக்கத்தைத் தந்தால் போதும்.

அந்தப் பழக்கத்துக்கு நல்ல கருவி ஒன்று உண்டு. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் முதன்முறை ஒன்றாக அமர்ந்தபோது சண்டைகள் மூண்டன. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தையே துண்டுகளாக்கினார். ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு துண்டு. எல்லாத் துண்டுகளும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை. பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்காமல் தேர்வு எழுத முடியாது.

நம் வகுப்புக்கு ஏற்ற மாதிரி ஒன்று:

தலைப்பு: நம் ஊரும் தொழில்களும் (5 முதல் 8 வகுப்பு வரை, இரண்டு பாடவேளை).

1. ஐந்து பேர் கொண்ட கலப்புக் குழுக்கள். உழவு, பழவேற்காடு ஏரி மீன்பிடிப்பு, தொழிற்சாலைகள், ரயிலும் நெடுஞ்சாலையும், வேலைக்காக இடம்பெயர்தல் என்று ஐந்து அட்டைகள். ஒருவருக்கு ஓர் அட்டை.

2. ஒரே அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் கூடி, சேர்ந்து படித்துத் தெளிவார்கள். தமிழ் குறைவாகத் தெரிந்த குழந்தைக்கு இங்கேயே ஒரு துணை கிடைத்துவிடும். அவனுடைய அட்டையில் படமும் இந்திய வரைபடமும் கூடுதலாக இருக்கட்டும்.

3. தத்தம் குழுவுக்குத் திரும்பி, தன் பகுதியை மற்ற நால்வருக்கும் கற்பிக்க வேண்டும். வரைபடத்தில் விரல் வைத்து, தெரிந்த சொற்களைக் கொண்டு சொல்லலாம். கேட்பவர்கள் கேள்வி கேட்டு உதவ வேண்டும்.

4. இறுதியில் ஐந்து பகுதிகளிலிருந்தும் சிறு தேர்வு, தனித்தனியாக.

வெளிமாநிலக் குழந்தைக்கு எப்போதும் ‘இடம்பெயர்தல்’ அட்டையையே தராதீர்கள். அவனுக்கு மீன்பிடிப்பும், உள்ளூர்க் குழந்தைக்கு இடம்பெயர்தலும் போகட்டும். உள்ளூர்க் குழந்தை தன் வீட்டிலேயே துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போன மாமாவைக் கண்டுபிடிக்கும். ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தினால் பயன் குறைவு. வாரம் ஒருமுறையாவது சில வாரங்கள் தொடர வேண்டும்.

தவிர்க்க வேண்டிய ஒரு செயல்பாடும் உண்டு. 1968-இல் ஜேன் எலியட் என்ற அமெரிக்க ஆசிரியை கண் நிறத்தை வைத்து வகுப்பைப் பிரித்து, ஒரு நாள் ஒரு தரப்பை உயர்த்தி மறு தரப்பைத் தாழ்த்தி நடத்தினார். பாகுபாட்டின் வலியை உணர்த்தவே அப்படிச் செய்தார். ஏற்கெனவே தினமும் தாழ்த்தப்படும் குழந்தை உள்ள வகுப்பில் இதைச் செய்து பார்ப்பது சரியல்ல. அந்தக் குழந்தைக்கு வலியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

குற்றச் செய்தி வந்த மறுநாள்

வெளிமாநிலத்தார் ஒருவர் குற்றம் செய்ததாகச் செய்தி வந்தால், மறுநாள் வகுப்பறையின் காற்று மாறிவிடும். அன்று நாம் வாய் மூடி இருப்பதும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படும். குற்றம் கொடியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பயத்தை இகழக் கூடாது. பிறகு ஒரு கேள்வி கேட்கலாம்: “நம் ஊர்க்காரர் ஒருவர் குற்றம் செய்தால், நம் தெருவில் எல்லாரும் குற்றவாளியா?” அடுத்து, கரும்பலகையில் “அவங்க எல்லாரும்…” என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதி, ‘எல்லாரும்’ என்பதை அழித்து, “நான் கேள்விப்பட்ட ஒருவர்…” என்று மாற்றச் சொல்லலாம். மொழிப்பாட வேளையில் இதைப் பயிற்சியாகவே வைக்கலாம். ஒருவர், சிலர், பலர், எல்லாரும் ஆகிய நான்கு சொற்களுக்கு இடையே உள்ள தூரத்தை அறிவது இலக்கணம் மட்டுமல்ல, நீதியும்கூட. பாதுகாப்புப் பாடத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆபத்தை ஒருவர் பேசும் மொழியால் அடையாளம் காண முடியாது, அவர் நடந்துகொள்ளும் முறையால்தான் காண வேண்டும். இது எல்லாக் குழந்தைகளையும் காக்கும் அறிவு.

குறுவள மையக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்விகளைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளலாம்:

1. என் வகுப்பில் உள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், அவர்கள் வீட்டில் உச்சரிப்பது போல் என்னால் சொல்ல முடியுமா?

2. கடந்த வாரம் நான் கேள்வி கேட்ட பிள்ளைகள் யார், கேட்காமல் விட்டவர்கள் யார்? ஒரு வாரம் பெயர்ப் பட்டியலில் குறியிட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது?

3. கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் எப்படி அங்கே போனார்கள்?

4. என் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில், தமிழ் தெரியாததால் மட்டும் இடம்பெற்றவர் எத்தனை பேர்? அவர்களுக்குக் கணக்கில் தனியாகச் சோதனை வைத்தேனா?

5. சாதி, மாநிலம், மொழி விவரங்களை எந்தெந்த வேளைகளில் பலர் அறியக் கேட்கிறோம்? அவற்றில் எவற்றைத் தனியாகக் கேட்க முடியும்?

6. பட்டப்பெயர் காதில் விழுந்தால் நம் பள்ளியில் என்ன செய்வது என்று எல்லா ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோமா?

இவற்றில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் செய்து பாருங்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது எளிது. அதற்குத் தேவை ஒரு பெயர்ப் பட்டியலும் ஒரு பென்சிலும்தான்.